உறுப்பினர் மறைந்தால் தொகுதிக்கு என்ன ஆகும்? மக்களவை இடைத்தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஆகஸ்ட் 28 அன்று மாலை எங்கள் கன்னியாகுமரி தொகுதியின் மக்களவை உறுப்பினர் எச். வசந்தகுமார் கொரோனா தொற்றால் சென்னையில் காலமானார். அவருக்குப் பின் வந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்தது 2021 மே 2 அன்று. இடையில் எட்டு மாதங்கள், பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு நாடாளுமன்றத்தில் குரல் இல்லை. அந்த மாதங்களில் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகளையும், அதன்பின் மற்ற தொகுதிக்காரர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உறுப்பினரை இழந்த தொகுதி, துக்கம் விசாரித்துவிட்டு ஆறிப்போக வேண்டிய ஊர் அல்ல. அதற்கு உரிமைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பக்கம்.

உறுப்பினர் இறந்த அன்றே தொகுதி காலியாகிவிடுமா?

ஆம். காலியிடம் ஏற்படும் நாள் அவர் இறந்த நாள்தான். மக்களவைச் செயலகம் பிறகு முறைப்படி அறிவிக்கும். தேர்தல் ஆணையத்துக்கும் தகவல் போகும். ஆனால் காலக்கணக்கு அந்தக் காகிதங்களுக்காகக் காத்திருப்பதில்லை. அவை கூடும்போது சபாநாயகர் இரங்கல் குறிப்பு வாசிப்பதும், உறுப்பினர்கள் எழுந்து மௌனம் காப்பதும் மரியாதைக்குரிய மரபு. சட்டப்படி அதற்குள்ளாகவே அந்த இருக்கை வெறுமையாகிவிட்டது.

ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல் 1996-ஆம் ஆண்டு 151ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு முன் இப்படி ஒரு காலக்கெடு சட்டத்தில் இல்லை.

அதே பிரிவு இரண்டு விதிவிலக்குகளையும் தருகிறது. உறுப்பினரின் எஞ்சிய பதவிக்காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. அல்லது, அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசுடன் கலந்தாலோசித்துச் சான்றளித்தால் தள்ளிவைக்கலாம். சிக்கலெல்லாம் இந்த இரண்டாவது வாசலில்தான்.

எங்கள் தொகுதியில் காரணம் பெருந்தொற்று. 2020-இன் கடைசி மாதங்களில் தேர்தல் கூட்டம் கூட்டுவது சரியல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் இப்படிப்பட்ட நியாயம் இருப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் புணே தொகுதியைப் பாருங்கள். உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானார். அந்த மக்களவையின் பதவிக்காலம் முடிய ஓர் ஆண்டுக்கும் அதிகமாகவே இருந்தது. ஆகவே முதல் விதிவிலக்கு பொருந்தாது. பொதுத்தேர்தல் ஏற்பாடுகளில் இருக்கிறோம், தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு மிகக் குறைந்த காலமே கிடைக்கும் என்று தேர்தல் ஆணையம் காரணம் சொன்னது. புணே வாக்காளர் ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆணையம் சொன்ன காரணங்களை ஏற்காத நீதிமன்றம், உடனே இடைத்தேர்தல் நடத்தும்படி 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. கடைசியில் 2024 ஜூன் 4 அன்று பொதுத்தேர்தல் முடிவு வந்தபோதுதான் புணேக்கு உறுப்பினர் கிடைத்தார். கணக்குப் போட்டால் பதினான்கு மாதங்கள்.

அந்த வாக்காளர் வழக்கில் தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. கட்சிகள் சும்மா இருந்தபோது தனி மனிதர் ஒருவர் தன் தொகுதியின் இருக்கைக்காக நீதிமன்றப் படி ஏறினார். ஒரு வாக்காளரால் இதைச் செய்ய முடியும் என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

தமிழ்நாட்டில் இடைத்தேர்தலே இல்லாமல் விடப்பட்டது உண்டா?

உண்டு. ஈரோடு உறுப்பினர் அ. கணேசமூர்த்தி 2024 மார்ச் 28 அன்றும், நாகப்பட்டினம் உறுப்பினர் எம். செல்வராசு 2024 மே 13 அன்றும் காலமானார்கள். பொதுத்தேர்தல் ஏற்கனவே அறிவிக்கப்பட்டிருந்த நேரம். செல்வராசு மறைந்தபோது நாகையில் வாக்குப்பதிவே முடிந்திருந்தது. அங்கே தனியாக ஓர் இடைத்தேர்தலுக்கு இடமில்லை.

மறைந்தவரின் வெற்றியை எதிர்த்து வழக்கு இருந்தால்?

அப்போது தேர்தல் தள்ளிப்போகக்கூடும். தோற்றவர் தாக்கல் செய்த தேர்தல் வழக்கில், தானே வென்றதாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், தீர்ப்பு வரும்வரை அந்த இருக்கை யாருக்கு என்பதே முடிவாகாத விஷயம். சட்டமன்ற உதாரணம் ஒன்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். திருப்பரங்குன்றம் உறுப்பினர் ஏ.கே. போஸ் 2018 ஆகஸ்டில் காலமானார். அவரது 2016 வெற்றியை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. இடைத்தேர்தல் 2019 மே 19 அன்றுதான் நடந்தது. போஸே 2016-இல் ஓர் இடைத்தேர்தலில்தான் வென்றிருந்தார். அதற்கு முன்னவர் சீனிவேல் வென்ற சில நாட்களிலேயே மறைந்துவிட்டார். ஒரே சட்டமன்றக் காலத்தில் அந்தத் தொகுதி இரண்டு உறுப்பினர்களை இழந்து, இரண்டு முறை இடைத்தேர்தலுக்கு வரிசையில் நின்றது.

அதுவரை எங்கள் மனுக்களை யாரிடம் கொடுப்பது? நடந்துகொண்டிருந்த வேலைகள் நின்றுவிடுமா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். பள்ளிக்கூடத்துக்குக் கேட்ட வகுப்பறை, ஊருக்குக் கேட்ட பயணிகள் நிழற்குடை என்று எல்லோர் கையிலும் ஒரு மனுவின் நகல் இருந்தது.

மக்களவை உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார்; மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தந்து வேலையைச் செய்யும். ஆகவே அவர் உயிரோடு இருந்தபோது பரிந்துரைத்து ஒப்புதல் பெற்ற வேலை அவருடைய மரணத்தால் நின்றுவிடக் கூடாது. மீதமுள்ள நிதி, அதே தொகுதிக்கு அடுத்து வருபவரின் கணக்கில் சேரும். புதிய பரிந்துரை மட்டும் யாராலும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் போய்விட்டதா இல்லையா என்பதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. போயிருந்தால் விடாமல் தொடருங்கள். போகவில்லை என்றால் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். புதியவர் பதவியேற்றதும் முதல் வாரத்திலேயே கொடுங்கள்.

ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலை போன்ற மத்திய அரசு விஷயங்களில் மாநிலங்களவை உறுப்பினர்களை அணுகலாம். அவர்கள் மாநிலத்துக்கே உறுப்பினர்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஆனால் மக்களவையில் உங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பது தன் வேலை என்று பொறுப்பேற்க, அந்த மாதங்களில் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த இழப்புக்கு மாற்று ஏதும் இல்லை.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் என்ன நடக்கும்?

பொதுத்தேர்தலில் நடப்பதுதான், சிறிய பரப்பில். ஆணையம் அட்டவணையை வெளியிட்ட நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வரும். பொதுவாகத் தொகுதி அடங்கிய மாவட்டம் முழுவதற்கும் அவை பொருந்தும். பெருநகரம், மாநகராட்சி என்றால் தொகுதி எல்லைக்குள் மட்டும். பிறகு அரசிதழில் அறிவிக்கை. அதிலிருந்து ஏழாம் நாள் வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸ் பெறக் கடைசி நாள். அதன்பின் குறைந்தது பதினான்கு நாட்கள் கழித்தே வாக்குப்பதிவு. நினைத்தால் விரைவாகவும் நடத்த முடியும். உத்தரப்பிரதேசத்தின் மைன்புரியில் முலாயம் சிங் யாதவ் 2022 அக்டோபர் 10 அன்று மறைந்தார். டிசம்பர் 5 அன்று மக்கள் வாக்களித்தார்கள். இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. இந்த உதாரணத்தைத் தாமதத்துக்குக் காரணம் தேடுபவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொதுத்தேர்தலுக்குப் பிறகு 18 வயது நிறைந்தவர்கள் வாக்களிக்கலாமா?

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கட்டாயம் வாக்களிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று, 18 வயது நிறைந்ததா என்று கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இப்போது இருக்கின்றன. பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ அறிவிப்பு வந்தபின் கொடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். மனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க மாட்டார்கள். விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாட்கள் வேண்டும்.

யார் போட்டியிடலாம்? டெபாசிட் எவ்வளவு?

25 வயது நிறைந்து, இந்தியாவின் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருக்கும் எவரும், சட்டம் சொல்லும் தகுதியிழப்புகள் இல்லாதவரை, போட்டியிடலாம். அந்தத் தொகுதிக்காரராக இருக்க வேண்டியதில்லை. தனித் தொகுதி என்றால் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வைப்புத்தொகை 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும்.

மறைந்தவரின் மகனோ மனைவியோ நிற்பதுதான் முறை என்கிறார்களே?

அப்படி ஒரு முறையும் இல்லை, சட்டமும் இல்லை. இருப்பது கட்சிகளின் பழக்கம். எங்கள் தொகுதியில் வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் நின்றார், வென்றார். மைன்புரியில் மருமகள் டிம்பிள் யாதவ். 1980-இல் சஞ்சய் காந்தி மறைந்தபின் அமேதியில் 1981-இல் அண்ணன் ராஜீவ் காந்தி. இன்னும் பின்னோக்கிப் போனால், நேருவின் மறைவுக்குப் பிறகு 1964-இல் பூல்பூரில் அவருடைய தங்கை விஜயலட்சுமி பண்டிட். கட்சிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பது புரியாத விஷயமல்ல. வீட்டுப் பெயர் ஊருக்குத் தெரியும். தேர்தல் செலவுக்கு ஆளிருக்கும். உள்ளூர்க் கோஷ்டிகள் வாய் திறக்காது.

குடும்பத்தாரில் தகுதியானவர் இருக்கலாம், இருந்தும் இருக்கிறார்கள். அவர்களை வாரிசு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவதும் அநீதிதான். நான் சொல்வது ஒன்றே: அந்த இருக்கை சொத்துப் பத்திரத்தில் எழுதப்பட்டதல்ல. ஐந்தாண்டுக்கு மக்கள் கொடுத்த பொறுப்பு அது; கொடுத்தவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது. ஆகவே வாசலுக்கு வரும் வேட்பாளர் யாருடைய பிள்ளையாக இருந்தாலும், மீதமுள்ள காலத்தில் இந்தத் தொகுதிக்கு என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். அது இறந்தவரை அவமதிப்பதாகாது.

அனுதாப அலை எப்போதும் ஜெயித்துவிடுமா?

இல்லை. ஜெயித்தாலும் சில இடங்களில் நூலிழையில்தான். கர்நாடகத்தின் பெலகாவியில் மத்திய இணை அமைச்சராக இருந்த சுரேஷ் அங்கடி 2019-இல் 3.9 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். அவர் மறைந்தபின் 2021-இல் மனைவி மங்களா அங்கடி நின்றபோது வித்தியாசம் 5,240. மகாராஷ்டிரத்தின் நாந்தேடில் வசந்த் சவான் 2024 பொதுத்தேர்தலில் 59,442 வாக்குகளில் வென்று, சில மாதங்களில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மகன் ரவீந்திர சவான் வென்றது 1,457 வாக்குகளில். பஞ்சாபின் ஜலந்தரில் உறுப்பினர் சந்தோக் சிங் சௌத்ரி 2023 ஜனவரியில் நடைப்பயணத்தின்போது மாரடைப்பால் இறந்தார். அவருடைய மனைவியைக் காங்கிரஸ் நிறுத்தியது. ஆம் ஆத்மி வென்றது.

மறுபக்கமும் உண்டு. மைன்புரியில் முலாயமின் 2019 வித்தியாசம் 94,389. டிம்பிள் யாதவ் பெற்றது 2,88,461. எங்கள் கன்னியாகுமரியில் தந்தை 2.59 லட்சத்தில் வென்றார், மகன் 1.37 லட்சத்தில். ஒரே விதமான இழப்பு, ஊருக்கு ஊர் வெவ்வேறு விடை. மக்கள் அழுவார்கள், அழுதுவிட்டு யோசிக்கவும் செய்வார்கள்.

திண்டுக்கல் இடைத்தேர்தலை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

ஒரு கட்சியின் வாழ்வும் சின்னமும் அங்கே தொடங்கின என்பதால். தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் மறைந்ததால் 1973 மே மாதம் நடந்த தேர்தல் அது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தொடங்கிய அ.தி.மு.க.வுக்கு வயது ஏழே மாதம். வேட்பாளர் வழக்கறிஞர் மாயத்தேவர். புதிய கட்சிக்கென்று ஒதுக்கப்பட்ட சின்னம் இல்லை. தேர்தல் அலுவலர் காட்டிய சின்னங்களிலிருந்து மாயத்தேவர் தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடம் ஸ்தாபன காங்கிரசுக்கு. தொகுதியைக் கையில் வைத்திருந்த, மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாமிடம் போனது. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்று இன்றும் திண்ணையில் சொல்பவர்களுக்கு, இந்த ஒரு தேர்தலே பதில்.

அந்த ஆண்டே இன்னொரு துயரம். 1973 மே 31 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்தை நெருங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் இருவர் தமிழ் வாக்காளர்கள் அனுப்பிய உறுப்பினர்கள்: புதுச்சேரியின் மோகன் குமாரமங்கலம், அப்போது மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர், கோயம்புத்தூரின் கே. பாலதண்டாயுதம், இந்திய கம்யூனிஸ்ட் தலைவர். ஒரே விபத்தில் இரண்டு தொகுதிகள் காலியாயின. 1974-இல் கோவையில் பார்வதி கிருஷ்ணனும் புதுச்சேரியில் அரவிந்த பாலா பஜனோரும் வென்றார்கள். பார்வதி கிருஷ்ணன் யார் என்று சொன்னால்தான் அந்தத் தேர்தலின் கனம் தெரியும்: அவர் மோகன் குமாரமங்கலத்தின் உடன்பிறந்த சகோதரி. ஆனால் அவர் நின்றது அண்ணனின் இடத்துக்கு அல்ல. தன் கட்சித் தோழரின் இடத்துக்கு. அதற்கு முன் 1957-இலேயே கோவையில் தன் உழைப்பால் வென்றவர். குடும்பப் பெயரை மட்டும் வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்று மேலே சொன்னேனே, இவரை மனத்தில் வைத்துத்தான்.

அந்தக் குடும்பத்தின் கதை அங்கே முடியவில்லை. மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் திருச்சிராப்பள்ளி உறுப்பினராகவும் மத்திய மின்துறை அமைச்சராகவும் இருந்தபோது 2000 ஆகஸ்ட் 23 அன்று காலமானார். தந்தையைப் போலவே பதவியில் இருக்கும்போதே. 2001 இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் தலித் எழில்மலை வென்றார்.

காமராஜர் நாகர்கோவிலில் வென்றதும் இடைத்தேர்தல்தானா?

ஆம். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணி, நாகர்கோவில் மக்களவை உறுப்பினராக இருந்தபோது 1968 ஜூன் 1 அன்று மறைந்தார். 1967 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை, 1969 ஜனவரியில் இந்த மண் ஒரு லட்சத்தைத் தாண்டிய வித்தியாசத்தில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல, நேசமணியின் உறவினரும் அல்ல. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்தத் தேர்தலைத் தேதியாகச் சொல்ல மாட்டார்கள். “காமராஜர் இங்கே நின்ற வருஷம்” என்பார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு கட்டியது எல்லாம் அதை வைத்தே கணக்கு.

இடைத்தேர்தல் என்றாலே பணம் என்கிறார்களே, என்ன செய்ய முடியும்?

வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். 2009-இல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மறைவால் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லையே அரசியலுக்குத் தந்துவிட்டது. பொதுத்தேர்தலில் முப்பத்தொன்பது தொகுதிகளில் சிதறும் கவனமும் பணமும் இடைத்தேர்தலில் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்பது விதி. நடப்பது என்ன என்று தெருவில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தபின் சென்னை ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய தேர்தலை, பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஆணையம் கடைசி நேரத்தில் ரத்து செய்தது. மறுதேர்தல் அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்றுதான். ஓட்டுக்குப் பணம் கொடுப்பவர், வாங்குபவரை மட்டும் கெடுப்பதில்லை. வாங்காதவரின் பிரதிநிதித்துவத்தையும் எட்டு மாதங்கள் பறித்துவிடுகிறார்.

கண்ணால் கண்டால் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம். 1950 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். செயலியில் உங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் தரும் வழி இருக்கிறது. இடைத்தேர்தலில் பறக்கும் படைகள் ஒரே தொகுதியில் சுற்றுவதால் பொதுத்தேர்தலைவிட விரைவாக வர வாய்ப்பு உண்டு.

சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்தால் இரண்டு ஓட்டுப் போட வேண்டுமா?

ஆம். 2021 ஏப்ரல் 6 அன்று நாங்கள் அப்படித்தான் போட்டோம். காலையில் வரிசையில் நின்றபோது முதலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தார்கள். பிறகு கையில் கிருமிநாசினி, வலது கைக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கையுறை. அது விரலோடு ஒட்டாமல் சரசரத்துக்கொண்டே இருந்தது. மறைப்புக்குள் போனால் இரண்டு இயந்திரங்கள். சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், மக்களவைக்கு வெள்ளைத் தாள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒரு ‘பீப்’ சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட்டார். “அம்மா, இன்னொண்ணு இருக்கு” என்று அலுவலர் திருப்பி அனுப்பினார். பாட்டி எந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியாது. அன்று எங்கள் தெருவில் எல்லோர் பேச்சும் முதலமைச்சர் யார் என்பதாகவே இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேர்தல், பெரிய தேர்தலின் நிழலில் கரைந்து போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு அப்படி அமைந்தால், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்: இரண்டு தாள், இரண்டு நிறம், இரண்டு சத்தம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி தெரியும்.

நான் வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, இடைத்தேர்தலுக்கும் சேர்த்தே, வாக்குரிமை உள்ள ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தருகிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். நிறுவனம் இருக்கும் ஊரில் தேர்தல் இல்லாததால் முதலாளிக்கு இது நினைவிருக்காது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆளில்லாமல் ஆபத்தோ பெரும் நட்டமோ ஏற்படக்கூடிய பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இடைத்தேர்தலின் நடுவில் வேட்பாளரே இறந்துவிட்டால்?

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். அந்தக் கட்சி ஏழு நாட்களுக்குள் வேறொருவரை நிறுத்தலாம். சுயேச்சை இறந்தால் தேர்தல் நிற்காது. வாக்குப்பதிவு முடிந்தபின் இறந்தால் எண்ணிக்கை நடக்கும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவ ராவ் வாக்குப்பதிவுக்கு ஐந்து நாட்களுக்குப் பின் காலமானார். அவர் வென்றிருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். எதிர்த்து நின்றவர் வென்றதால் வரவில்லை.

வென்றவருக்கு முழு ஐந்தாண்டு கிடைக்குமா?

கிடைக்காது. அந்த மக்களவையின் மீதிக் காலம் மட்டும். அவை முன்கூட்டியே கலைந்தால் அதோடு சரி.

மாநிலங்களவை உறுப்பினர் மறைந்தால்?

சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து நிரப்புவார்கள். அங்கேயும் மறைந்தவரின் மீதிக் காலம்தான்.

இலங்கையிலும் மலேசியாவிலும் இதே முறையா?

இல்லை. இலங்கையில் விகிதாசார முறை என்பதால் இடைத்தேர்தல் கிடையாது. மாவட்டப் பட்டியலில் அதே கட்சியில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். மலேசியாவில் அறுபது நாட்களுக்குள் இடைத்தேர்தல்; நாடாளுமன்றத்தின் காலம் முடிய இரண்டு ஆண்டுகளுக்குள் காலியானால் பொதுவாகத் தேவையில்லை. அறுபது நாள் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மறைந்த உறுப்பினரின் பெயர் வாக்காளர் பட்டியலில் என்ன ஆகும்?

மற்ற எந்த வாக்காளருக்கும் ஆவதுதான். படிவம் 7 வழியாகவோ, வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரித்தோ பெயர் நீக்கப்படும். பட்டியல் புதிதாக அச்சாகும்வரை அந்தக் கட்டம் அதே இடத்தில் இருக்கும். படத்தின் மேல் குறுக்காக நீக்கம் என்ற முத்திரை விழுந்திருக்கும். வரிசை எண் மாறாது. வாக்குச்சாவடிக்குள் முகவர்கள் எண்ணைப் படித்து, அளவுகோலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கோடிட்டுக்கொண்டு போவார்கள். அந்த எண் வரும் இடத்தில் அளவுகோல் நிற்காமல் அடுத்த வரிக்கு இறங்கும்.